மூளை ஸ்கானில் ஹிப்போகம்பஸை அளப்பது: யாழ்ப்பாணத்தில் நாங்கள் செய்யும் முறை

மறதி நோய்ச் சந்தேகத்தில் எடுத்த எம்ஆர்ஐ ஸ்கானை மென்பொருளிடம் கொடுத்தால், நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதியான ஹிப்போகம்பஸ் எத்தனை கன மில்லிமீற்றர் என்று அளந்து சொல்லும். யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே, சாதாரண மேசைக் கணினியில், ஃப்ரீசர்ஃபர் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு இதைச் செய்கிறோம். ஆனால் அளவு சரியாக வருமா வராதா என்பது பெரும்பாலும் ஸ்கான் அறையிலேயே முடிவாகிவிடுகிறது.

வழமையான மூளை ஸ்கானில் 5 மில்லிமீற்றர் தடிப்பில் இருபது, இருபத்தைந்து படங்கள்தான் இருக்கும். ஹிப்போகம்பஸ் அதில் மூன்று நான்கு படங்களுக்குள் அடங்கிவிடும், விளிம்பு தெரியாது. ஆகவே அனுப்பும் வைத்தியரிடம் "முப்பரிமாண ரி1, 1 மில்லிமீற்றர்" என்று படிவத்தில் எழுதித் தரும்படி கேளுங்கள் (ரி1, T1, என்பது எம்ஆர்ஐ பட வகைகளில் ஒன்று). மேலதிகமாகப் பிடிப்பது ஐந்து நிமிடமளவுதான். அதையே முதலில் எடுக்கவேண்டும், படத்தைத் தெளிவாக்கும் மருந்து ஏற்றுவதாக இருந்தால் ஏற்றுவதற்கு முன்னர் எடுக்கவேண்டும். நேரம் போகப்போக நோயாளி அந்தரப்பட்டுத் தலையை அசைப்பார். அசைந்த படத்தில் மூளையின் வெளிப்படையான புறணியின் விளிம்பு கலங்கும். மென்பொருள் அதை மெலிந்த புறணி என்று கணக்கிடும். அசைவு நோயைப்போலவே தெரிவதால் இது மிக ஆபத்தான பிழை. உள்ளே போகமுன் வீட்டாள் ஒருவர், "அம்மா, தடதடவெண்டு சத்தம் கேக்கும், பயப்பிடாதேங்கோ, தலையை மட்டும் அசைக்காதேங்கோ" என்று பழகிய குரலில் சொல்லிவிட்டால் பெரிய உதவி.

பிலிமை வைத்து அளக்கமுடியாது. இறுவட்டு வேண்டும், அதுவும் ஸ்கான் இயந்திரத்தின் மூலக்கோப்பு வடிவமான டைகொம் (DICOM) வடிவில். சில இறுவட்டுகளில் பார்வைக்கான ஜேபெக் படங்கள் மட்டும் இருக்கும். அன்றைக்கே திறந்து எண்ணிப் பாருங்கள்: ஒரு தொகுதியில் 160 முதல் 190 வரை படங்கள் இருந்தால் அது பெரும்பாலும் முப்பரிமாண ரி1. கையோடு பென்ட்ரைவிலும் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். டைகொம் கோப்புக்குள் பெயரும் பிறந்த திகதியும் இருக்கும். அவற்றை நீக்கினாலும், முப்பரிமாணப் படத்திலிருந்து முகத்தையே கட்டியெழுப்பலாம். வெளியே யாருக்கும் அனுப்புவதாயின் முகப்பகுதியையும் அழித்துவிட்டே அனுப்பவேண்டும்.

டிசிஎம்டுநிக்ஸ் (dcm2niix) என்ற மாற்றி மென்பொருள் கொண்டு டைகொமை நிஃப்டி (NIfTI) என்ற கோப்பு வடிவமாக்கி, ஃப்ரீசர்ஃபரை ஓடவிட்டால் ஒரு ஆளுக்கு ஓர் இரவு போகும். இடையில் கரண்ட் நின்றால், திரும்ப ஓடவிடும்போது "ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது" என்று மறுக்கும். அந்த ஆளின் கோப்புறைக்குள், ஸ்கிரிப்ட்ஸ் என்ற உட்கோப்புறையில், இஸ்-ரன்னிங் (IsRunning) என்று தொடங்கும் சிறு கோப்பு ஒன்று கிடக்கும். அதை அழித்தால் வழி திறக்கும். யூபிஎஸ் வைத்திருப்பது நல்லது. 5 மில்லிமீற்றர் ஸ்கான் மட்டுமே கையில் இருந்தால் சின்த்செக் (SynthSeg) என்ற இன்னொரு மென்பொருள் உதவும், நிமிடங்களில் முடிக்கும். ஆனால் தடித்த படங்களுக்கு இடைப்பட்டதை அது ஊகித்தே நிரப்புகிறது. வருடாவருடம் ஒப்பிட அந்த எண்ணை எடுக்கவேண்டாம்.

எண்ணைப் பார்க்கமுன் படத்தைப் பாருங்கள். முகத்துக்கு நேரான வெட்டில், மென்பொருள் தீட்டிய நிறத்தை ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்க்கவேண்டும். ஹிப்போகம்பஸின் முன்பக்கத்தில், பக்கத்துப் பகுதியான அமிக்டலாவோடு எல்லை குழம்பும். முதியவர்களின் வெண்பொருளில் (மூளையின் உட்புற நரம்பிழைப் பகுதியில்) உள்ள பழைய இரத்தக்குழாய்ப் பாதிப்புகள் ரி1 இல் கறுத்துத் தெரிவதால் சாம்பல்பொருள் (நரம்புக்கலங்கள் உள்ள பகுதி) என்று எண்ணப்படும். மண்டையோட்டுக் கொள்ளளவையும் கட்டாயம் சரிபாருங்கள். பெரிய தலைக்குப் பெரிய ஹிப்போகம்பஸ் என்பதால் அந்தக் கொள்ளளவோடு சேர்த்துத்தான் ஒப்பிடுகிறோம். ஃப்ரீசர்ஃபர் அதை நேரடியாக அளப்பதில்லை. மாதிரி மூளையோடு பொருத்திக் கணிக்கிறது. பொருத்தம் சரிந்தால் ஹிப்போகம்பஸின் எல்லை சரியாகப் பிரிக்கப்பட்டிருந்தும் விகிதம் பிழையாகும்.

"வயதுக்கு இது குறைவா?" என்ற கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள். பரவலாகப் பயன்படும் ஒப்பீட்டுத் தரவுகள் பெரும்பாலும் வட அமெரிக்க, ஐரோப்பிய மூளைகளிலிருந்து வந்தவை. எங்கள் ஆட்களுக்கு அதை அப்படியே பொருத்துவதை நாங்கள் ஏற்பதில்லை. அதே ஆளை, அதே இயந்திரத்தில், அதே அமைப்பில் ஒரு வருடம் கழித்து எடுத்து ஒப்பிடுவதையே கூடுதலாக நம்புகிறோம். 2009 இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்றின்படி, அல்சைமர் நோயில் ஹிப்போகம்பஸ் வருடத்துக்குச் சராசரியாக 4.66 வீதமும், நோயில்லாத முதியவர்களில் 1.41 வீதமும் சுருங்குகிறது. அளவீட்டிலேயே ஓரிரு வீதம் முன்பின்னாகலாம் என்பதால் ஆறு மாத இடைவெளி போதாது. இடையில் 1.5 டெஸ்லாவிலிருந்து 3 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்த வலிமையின் அலகு) இயந்திரத்துக்கு மாறினால் ஒப்பீடு உடைந்துபோகும்.

ஹிப்போகம்பஸ் சுருங்கியிருப்பதால் மட்டும் அது அல்சைமர் ஆகிவிடாது. வேறு நோய்களிலும் சுருங்கும். பி12 குறைவு, தைரொயிட் குறைபாடு, மனச்சோர்வு போன்றவற்றாலும் மறதி வரும். அவற்றுக்கு மருத்துவம் உண்டு என்பதால் அவற்றைப் பார்ப்பதை இந்த எண்ணுக்காகப் பிற்போடக் கூடாது.

நரம்பியல் வைத்திய நிபுணருக்குக் கொடுக்கும் தாளில் இடது, வலது அளவுகள், மண்டையோட்டுக் கொள்ளளவு, இயந்திரத்தின் டெஸ்லா, ஸ்கான் அமைப்பு, மென்பொருளின் பதிப்பு எண், அசைவு இருந்ததா என்ற குறிப்பு எல்லாம் இருக்கவேண்டும். அதன் பிரதி ஒன்றை கிளினிக் கொப்பிக்குள் வைத்துவிடுங்கள். அடுத்த வருடம் ஸ்கான் எடுப்பவர் அதைப் பார்த்துத்தான் அதே அமைப்பை வைப்பார்.