இவருக்கு நீங்க என்ன வேணும்?

மலையாளப் படங்களைத் தமிழில் டப்பிங் செய்யும்போது வசனம் எழுதுவது என் வேலை. சில மாதங்களுக்கு முன் வந்த ஒரு படத்தில் ஐம்பதைத் தாண்டிய இரண்டு ஆண்கள், பல வருடங்களாகச் சேர்ந்து வாழ்பவர்கள். ஒருவரை நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். கவுன்ட்டரில் இருக்கும் பெண், 'இவருக்கு நீங்க என்ன வேணும்?' என்று மற்றவரிடம் கேட்கிறாள். திரை முழுக்க அவர் முகம். ஒரு நொடி தயங்கி, 'பங்காளி' என்கிறார்.

மலையாளத்தில் அது வாழ்க்கைத் துணையைக் குறிக்கும் சாதாரணச் சொல். தமிழில் பங்காளி என்றால் பெரியப்பா, சித்தப்பா மகன், சொத்தில் பங்குள்ளவன். அப்படியே விட முடியாது. 'நண்பர்' என்று எழுதி அனுப்பினேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. அந்த மனிதர் அத்தனை பயத்தோடு வாய் திறந்து சொன்னதை நான் ஒரே சொல்லில் மூடிவிட்டேன்.

சினிமாவில் இவர்களைப் போன்றவர்களின் பிரதிநிதித்துவம் என்றாலே யார் நடித்தார் என்பதில்தான் நம் பேச்சு நிற்கிறது. அது நியாயமான கேள்விதான். 2019 பிப்ரவரியில் வந்த 'பேரன்பு' படத்தில் திருநங்கைப் பாத்திரத்தில் திருநங்கையான அஞ்சலி அமீரே நடித்தார். அடுத்த மாதம் வந்த 'சூப்பர் டீலக்ஸ்' விஜய் சேதுபதிக்குத் தேசிய விருது வாங்கித் தந்தது. அதில் அவர் செய்த திருநங்கைப் பாத்திரத்தை எழுதியிருந்த விதம் பிடிக்காமல் திருநங்கைகள் சிலர் வெளிப்படையாகவே பேசினார்கள். எழுதுகிறவனாக எனக்கு அந்த இரண்டாவது விஷயம்தான் அதிகம் உறைத்தது.

எங்கள் டப்பிங் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவில் வேலை செய்யும் ஒரு தம்பி, இன்னொரு ஆணோடு குடும்பமாக வாழ்பவர். அது எங்கள் சிலருக்குத் தெரியும். நீங்கள் என்ன சொல்லிக்கொள்வீர்கள் என்று அவரிடமே கேட்டேன்.

"எங்களுக்குள்ள பார்ட்னர்னு சொல்லிப்போம்ணா. ஆனா போன வருஷம் அவனுக்கு டெங்கு வந்து அட்மிட் பண்ணினப்போ, அண்ணன்னுதான் ஃபார்ம்ல எழுதினேன்."

ஒருபாலுறவு குற்றமில்லை என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் 2023 அக்டோபரில் திருமண உரிமை இல்லை என்றும் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த ஃபார்மில் எழுத அவருக்கு வேறென்ன உறவு இருக்கிறது?

'பார்ட்னர்' உதட்டசைவுக்கு நன்றாகப் பொருந்தும், அதுவும் ப-வில்தான் தொடங்குகிறது. ஆனால் அந்தப் பாத்திரம் சின்ன ஊரில் பஸ் ஓட்டுகிறவர். அவர் வாயில் கேட்டால் கடையில் கூட்டு வியாபாரி மாதிரி இருந்தது. 'துணை' என்று மட்டும் எழுதிப் பார்த்தோம். நோயாளிக்குத் துணைக்கு வந்தவர் என்று நினைத்துக்கொள்ள அது இடம் கொடுத்தது.

அப்புறம்தான் என் அப்பா அம்மா கல்யாணப் பத்திரிகை ஞாபகம் வந்தது. புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணம். பத்திரிகையின் தலைப்பிலேயே 'வாழ்க்கைத் துணைநலம்' என்று அச்சடித்திருப்பார்கள். 1967இல் சட்டம் வரும்வரை அந்த மாதிரித் திருமணங்கள் கோர்ட்டில் செல்லாது. சொல் முன்னாலேயே இருந்தது, சட்டம் பின்னால்தான் வந்தது.

'வாழ்க்கைத் துணை' என்று எழுதினேன். மூன்று அசைக்கு நான்கு அசை, கொஞ்சம் நீளம்தான். குரல் கொடுத்தவர் தயக்கத்திலிருந்தே கொஞ்சம் இடம் எடுத்துக்கொண்டு, நான்காவது டேக்கில் சரியாக உட்காரவைத்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தம்பி ஹெட்போனைக் கழற்றாமல், அந்தத் துண்டை இன்னொரு தடவை ஓடவிட்டுக் கேட்டார்.

டைட்டில் கார்டில் வசன ஆலோசனை என்று அவர் பெயரைப் போடுவதாகச் சொன்னேன். வேண்டாம் என்றுவிட்டார். அண்ணன் தம்பி என்று சொல்லித்தான் இருவரும் வீடு வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள்.