கால் மைல் கார்கள்: பிப்ரவரி, மார்ச் குறிப்புகள்

பிப்ரவரி 8, சனி

நேர்கோட்டில் கால் மைல் தூரம் யார் முதலில் ஓடி முடிக்கிறார் என்று பார்ப்பதுதான் டிராக் ரேஸ். அந்தப் பந்தயத்தின் பழைய கார்களைப் பற்றி எழுதுவதென்றால் 1932 ஃபோர்டிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். பெரும்பாலும் பணக்காரர் வண்டிகளில் இருந்த வி8 எஞ்சினை, ஹென்றி ஃபோர்டு அந்த வருஷம் சம்பளக்காரர் வாங்கக்கூடிய வண்டிக்குள் கொண்டுவந்தார். 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். வால்வுகள் ஹெட்டில் இல்லாமல் பிளாக்கிலேயே இருந்ததால் அதற்கு ஃபிளாட்ஹெட் என்று பெயர். ஒரு பக்கத்தில் நாலு சிலிண்டர், புகை வெளியேற மூன்றே வழி. நடுவில் இருக்கும் இரண்டும் ஒரே வழியைப் பங்கு போட்டுக்கொள்ளும். அந்தச் சூடு முழுக்க பிளாக்கைச் சுற்றிக்கொண்டு வெளியே போகும். கொதிக்காமல் என்ன செய்யும்?

போர் முடிந்து ஊர் திரும்பிய தெற்கு கலிஃபோர்னியா பையன்களுக்கு உடைசல் கடையில் மலிவாகக் கிடைத்தது இந்த எஞ்சின்தான். கூரை இல்லாத, ஏற்றி இறக்கும் ஜன்னல் இல்லாத வண்டி ரோட்ஸ்டர். கூரை போட்ட இரண்டு கதவு வண்டி கூப்பே. போருக்கு முன்பே மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் ரோட்ஸ்டர்கள் ஓடின. அதை ஒழுங்குபடுத்தத்தான் 1937-ல் தெற்கு கலிஃபோர்னியா டைமிங் சங்கம் வந்தது. அந்தச் சங்கம் ஆரம்பத்தில் கூப்பேக்களைச் சேர்க்கவே இல்லை. கூப்பே வைத்திருந்தவர்கள் ரஸெட்டா என்ற இன்னொரு சங்கத்துக்குப் போனார்கள். பியர்ஸன் சகோதரர்களின் 1934 கூப்பே அப்படி வளர்ந்த வண்டி. கூரையை வெட்டித் தாழ்த்தி, முன்கண்ணாடியைப் பின்னால் நன்றாகச் சாய்த்து, ஓட்டுபவர் ஒரு பிளவு வழியாகப் பார்ப்பதுபோல் ஆக்கிவிட்டார்கள். காற்றைக் கிழிக்க அந்தக் காலத்துப் பையன்கள் கண்டுபிடித்த வழிகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

பிப்ரவரி 12, புதன்

வேலை முடிந்து வரும்போது சான்டா ஆனா விமான நிலையத்தைத் தாண்டி வந்தேன். இன்று அதற்கு ஜான் வெய்ன் பெயர். 1950-ல் சி.ஜே. ஹார்ட் என்பவர், எல்லோருக்கும் 'பாப்பி', இங்கே சும்மா கிடந்த ஓடுதளத்தை ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மட்டும் கேட்டு வாங்கி டிராக் ரேஸ் நடத்தினார். காசு வாங்கி முறையாக நடத்திய முதல் டிராக் ஸ்ட்ரிப் இதுதான் என்பார்கள். நுழைவுக் கட்டணம் 50 சென்ட். அவர் மனைவி பெக்கியும் கார் ஓட்டிப் பந்தயம் போனவர். இரவில் தெருக்களில் நடந்த பந்தயத்தைப் பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததில் இந்தத் தம்பதிக்குப் பெரிய பங்கு.

அங்கே முதல் வருஷம் ரோட்ஸ்டர்காரர்களின் பெருமையைக் குலைத்தது ஒரு மோட்டார் சைக்கிள். செட் ஹெர்பர்ட்டின் ஹார்லி, பெயர் 'பீஸ்ட்'. மணிக்கு 195 கிலோமீட்டர் வேகம். ஹெர்பர்ட்டுக்கு இளம் வயதில் போலியோ வந்து, அதன்பின் சக்கர நாற்காலிதான். தான் கட்டிய வண்டியில் அவர் ஏறவே முடியாது. ஓட்டியது வேறு ஆள். ஆனால் எந்த வால்வு எப்போது திறக்க வேண்டும், எரிபொருளில் எதை எவ்வளவு கலக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் மூளையில் இருந்தது. பின்னாளில் ரோலர் கேம்ஷாஃப்ட்டுகளால் பெயர் வாங்கினார். வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் தண்டுதான் கேம்ஷாஃப்ட். எடை குறைந்தால் வேகம் கூடும் என்பதை அந்த பைக் எல்லோர் முகத்துக்கு நேராகவும் காட்டிவிட்டது. டிக் கிராஃப்ட் தன் ஃபோர்டு மாடல் டி-யின் பாடியைக் கழற்றி எறிந்து, வெறும் சேசிஸ் மேல் உட்கார்ந்து ஓட்டியது அந்தச் சமயத்தில்தான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பழைய டிராக் கார் வைத்திருக்கும் ஒரு பெரியவரின் ஷெட்டுக்குப் போயிருந்தேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வயது எண்பதுக்கு மேல். நான் கோயம்புத்தூரில் லேத் பிடித்துப் பழகியவன். இங்கேயும் சிஎன்சி பட்டறையில்தான் வேலை. அதனால் சிறு உதிரி பாகம் ஏதாவது கடைய வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுவார்.

அவரிடம் இருப்பது 1941 வில்லிஸ் கூப்பே, இரும்பு பாடி. இன்று ஓடும் வில்லிஸ்களில் பெரும்பாலானவை ஃபைபர் கிளாஸ் வார்ப்புகள். ஜீப் செய்த அதே ஒஹையோ கம்பெனியின் வண்டி. குட்டை, லேசு, அந்தக் காலத்தில் யாரும் மதிக்காத மலிவு கார். ஐம்பதுகளின் கடைசியில் அதற்குள் பெரிய வி8 எஞ்சினை இறக்கினால் என்ன ஆகும் என்று சிலர் பார்த்தார்கள். அப்படி வந்தவைதான் காஸர் கூப்பேக்கள். அந்தப் பந்தய வகுப்பின் விதிப்படி பெட்ரோல் மட்டும்தான் போட வேண்டும், தெருவில் ஓடும் காரின் உருவம் இருக்க வேண்டும், எஞ்சினை வீல்பேஸில், அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் உள்ள தூரத்தில், பத்து சதவீதத்துக்கு மேல் பின்னால் தள்ளக் கூடாது. ஆல்டர்டு என்ற அடுத்த வகுப்பில் 25 சதவீதம் வரை தள்ளலாம்.

காஸரைப் பார்த்ததும் கேட்கத் தோன்றுவது, மூக்கை ஏன் இப்படித் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்பது. இன்று பெரியவரின் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். முன்பக்கத்து சஸ்பென்ஷனைப் பிடுங்கிவிட்டு, நேரான உருளைக் குழாய் ஒன்றையே ஆக்சிலாக வைத்து, இரண்டு லீஃப் ஸ்பிரிங்கில் உட்கார வைத்திருக்கிறார்கள். இதில் காரணம் உண்டு. வண்டி பாய்ந்து கிளம்பும்போது எடை முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரத்துக்கு நகரும். எடையின் மையம் எவ்வளவு உயரமோ அவ்வளவு நகரும். அன்றைய டயர்கள் சறுக்கும். பின்னால் அழுத்தம் கூடினால்தான் தரையைக் கவ்வும். அதனால் முழு வண்டியையும் உயர்த்தினார்கள். டயர் நன்றாக வந்த பிறகு அந்த உயரத்துக்குத் தேவை இல்லாமல் போனது. இன்று பலர் அழகுக்காக மட்டும் மூக்கைத் தூக்குகிறார்கள். கணக்குத் தெரிந்து தூக்கியதும் படம் பார்த்துத் தூக்கியதும் அடியில் படுத்தால் தெரிந்துவிடும்.

இடது கதவின் உள்பக்கம்தான் எனக்கு இன்றைய புதையல். எடை குறைக்க வரிசையாகத் துளை போட்டிருக்கிறார்கள். முதல் மூன்று வரிசை நேராக, ஒரே அளவு. நாலாவது வரிசையில் துளைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே சரிகின்றன. விளிம்பில் பிசிறைக்கூட அரம் போட்டு எடுக்கவில்லை. ராத்திரி வேலை, காலையில் பந்தயம் என்று பார்த்தாலே தெரிகிறது.

கதவைச் சமப்படுத்தி, பட்டி போட்டுத் தேய்த்து, முழுக்கச் சிவப்பு அடித்துவிடலாம் என்று பெரியவரின் மகன் சொல்கிறார். எனக்கு மனசு வரவில்லை. நாலாவது வரிசையை நேராக்கினால் அதைப் போட்ட ஆளையே அழித்த மாதிரி. பெரியவர் இரண்டு பேரையும் கேட்டுக்கொண்டு டீ குடித்தார்.

பிப்ரவரி 19, புதன்

பட்டறையில் அதிக வேலை. வில்லிஸின் ஸ்டியரிங்குக்கு ஒரு புஷ் மட்டும் கடைந்தேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் புளோயரைக் கழற்றினோம். இந்தக் கார்களின் எஞ்சின் மேல் எடுப்பாக உட்கார்ந்திருக்கும் அலுமினியப் பெட்டி, 6-71. பந்தயத்துக்காக யாரும் செய்தது கிடையாது. ஜெனரல் மோட்டார்ஸின் இரண்டு ஸ்ட்ரோக் டீசல் எஞ்சினுக்குக் காற்று தள்ளச் செய்தது. ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றும் 71 கன அங்குலம், அதுதான் 6-71. பஸ், லாரி, படகு எல்லாவற்றிலும் ஓடியது. நாற்பதுகளின் கடைசியில் கிளென்டேலைச் சேர்ந்த பார்னி நவாரோ, இதன் தம்பியான 3-71ஐத் தன் 1927 ரோட்ஸ்டரின் ஃபிளாட்ஹெட் மேல் பூட்டினார். பிறகு எல்லோரும் பஸ் டிப்போ பக்கம் பார்வையைத் திருப்பினார்கள்.

கியர் பெட்டியும் அப்படித்தான். ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் போரில் லேசு ரக டாங்கிகளில் ஓடியது. அதையே பலப்படுத்தி காஸர்களில் போட்டார்கள்.

எட் இஸ்கென்டேரியன் கதையை இந்த இடத்தில் எழுதாவிட்டால் என் தொழிலுக்கே துரோகம். ஆர்மீனியக் குடும்பத்துப் பிள்ளை. டூல் அண்ட் டை பயிற்சி எடுத்தவர். தானே கட்டிய மாடல் டி ரோட்ஸ்டரை 1942-ல் எல் மிராஜில் மணிக்கு 193 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் போருக்குப் போனார். திரும்பி வந்தால் எல்லோருக்கும் கேம்ஷாஃப்ட் வேண்டும். செய்து தருபவர்களிடம் மாதக்கணக்கில் வரிசை. பழைய உருளை கிரைண்டிங் மெஷின் ஒன்றை வாங்கி, அதைக் கேம் அரைக்கும் மெஷினாகத் தானே மாற்றினார். லேத் பிடித்தவர்களுக்குத் தெரியும் இது எவ்வளவு பெரிய வேலை என்று. உருளையை அரைப்பது சுலபம். முட்டை வடிவத்தை அரைக்க வேண்டுமென்றால் கல்லும் உருப்படியும் ஒன்றுக்கொன்று நெருங்கி விலகி ஆட வேண்டும், அதுவும் ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் பிசகாமல். அந்த மெஷினிலிருந்துதான் இஸ்கி என்ற பெயர் உலகம் முழுக்கப் போனது.

மார்ச் 2, ஞாயிறு

காஸர் காலத்தின் பெரிய பெயர்களைப் பெரியவர் இன்று வாய் ஓயாமல் சொன்னார். ஸ்டோன், வுட்ஸ் அண்ட் குக் என்ற கூட்டணி. நீல நிற 1941 வில்லிஸ், பெயர் 'ஸ்விண்ட்லர்'. டிம் வுட்ஸ் கறுப்பின ஒப்பந்ததாரர். டக் குக் வெள்ளைக்காரர், வண்டி ஓட்டியவர். மூன்று பேரின் பெயரும் கதவில் ஒரே வரிசையில். அறுபதுகளின் அமெரிக்காவில் அது சின்ன விஷயமா? அவர்களுக்கு எதிராக 'பிக் ஜான்' மஸ்மேனியனின் சிவப்பு வில்லிஸ். ஒஹையோவிலிருந்து ஜார்ஜ் மான்ட்கோமரியின் 1933 வில்லிஸ். யார் யாரை எங்கே தோற்கடித்தார் என்று கேம் கம்பெனிகள் 'டிராக் நியூஸ்' வார இதழில் விளம்பரப் போரே நடத்தின. அந்த இதழை நடத்தியது டோரிஸ் ஹெர்பர்ட், செட் ஹெர்பர்ட்டின் சகோதரி. குடும்பத்துக்கே இந்தப் பைத்தியம்.

சான் டியேகோவின் பீன் பேண்டிட்ஸ் குழுவைப் பற்றி நான் கேட்டேன். மெக்சிகோ வம்சாவளியைச் சேர்ந்த வாகீன் ஆர்னெட் தலைமை. தங்களை மட்டம் தட்டச் சொன்ன வார்த்தையையே எடுத்துக் குழுவுக்குப் பெயராக வைத்து, சட்டையில் குத்திக்கொண்டு, ஜெயித்துக் காட்டினார்கள். எந்த இனத்தவரும் அதில் சேரலாம். ஆர்னெட் வெல்டிங்கில் கெட்டிக்காரர் என்று சொல்லும்போது பெரியவர் குரலில் மரியாதை.

1967-ல் மான்ட்கோமரியே வில்லிஸை விட்டு மஸ்டாங் பாடிக்கு மாறினார். அதன்பின் பழைய கூப்பேக்கள் ஒவ்வொன்றாக ஒதுங்கின. நிறைய வண்டிகளை எஞ்சினைக் கழற்றிவிட்டு அப்படியே விற்றுவிட்டார்கள்.

மார்ச் 8, சனி

ஃபமோஸோ டிராக் ஸ்ட்ரிப். பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு வடக்கே, மெக்ஃபார்லண்ட் பக்கம். பாதாம் தோப்புகளில் பூ உதிர்ந்து தரை முழுக்க வெள்ளை. இதுவும் இரண்டாம் உலகப்போர்க் கால ஓடுதளம்தான், நம்ம சோழவரம் மாதிரியே.

1957-ல் டிராக் ரேஸ்களை நடத்தும் தேசிய ஹாட் ராட் சங்கம் நைட்ரோமீத்தேன் என்ற எரிபொருளைத் தடை செய்தது. 1963 வரை அந்தத் தடை நின்றது. அதைப் பொருட்படுத்தாமல் ஸ்மோக்கர்ஸ் என்ற உள்ளூர் கிளப் 1959 மார்ச்சில் இங்கே பெரிய பந்தயம் வைத்தது. ஃபுளோரிடாவிலிருந்து டான் கார்லிட்ஸ் வந்தார். கோப்பையை எடுத்தது ஆர்ட் கிரிஸ்மன், 'ஹஸ்ட்லர்' வண்டியில்.

நைட்ரோ மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் எரிய கிட்டத்தட்ட 14.7 கிலோ காற்று வேண்டும், நைட்ரோவுக்கு 1.7 கிலோ போதும். ஆகவே அதே காற்றில் பல மடங்கு எரிபொருளை எரிக்கலாம். எஞ்சினைக் கிளப்பியதும் புகை கண்ணில் மிளகாய்ப் பொடி விழுந்ததுபோல் எரிகிறது, மூக்கில் நீர் வழிகிறது. சத்தம் காதில் கேட்பதற்கு முன்பே விலாவில் இடிக்கிறது. பக்கத்தில் ஒரு சின்னப் பெண் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தபடியே அழுதாள்.

ஃபியூயல் ஆல்டர்டுகளைப் பார்க்கத்தான் வந்தேன். குட்டையான ரோட்ஸ்டர் பாடி, நைட்ரோ எஞ்சின். நேராகவே போகாது. 'விங்டு எக்ஸ்பிரஸ்' என்ற ரோட்ஸ்டரை 'வைல்டு வில்லி' போர்ஷ் ஒரு கையால் ஸ்டியரிங் பிடித்து ஓட்டியதைப் படங்களில் பார்த்திருக்கிறேன். 1967-ல் அந்த வண்டி மணிக்கு 320 கிலோமீட்டரைத் தாண்டியது. இன்று ஓடிய ஒரு ஆல்டர்டு பாதி வழியில் இடது ஓரத்துக்கு இழுத்தது. ஓட்டியவர் ஒருமுறை காலை எடுத்தார், நிமிர்த்தினார், மறுபடி மிதித்தார். கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. அருங்காட்சியகத்தில் கயிறு கட்டி நிறுத்தியிருக்கும் வண்டிகளையும் மதிக்கிறேன். ஆனாலும் இவை ஓட வேண்டும். கட்டியவர்கள் எதற்காகக் கட்டினார்களோ அதைச் செய்ய வேண்டும்.

மார்ச் 11, செவ்வாய்

பெரியவர் கூப்பிட்டார். ஈர உப்புத்தாளால் வலது கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, நீலத்துக்குக் கீழே வெள்ளை, வெள்ளைக்குக் கீழே ஒரு மஞ்சள் வளைவு தெரிந்ததாம். நான் போனபோது மகன்தான் குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தார், ஸ்பாஞ்சில் தண்ணீர் விட்டு விட்டு, ரொம்ப மெதுவாக. வகுப்பைக் குறிக்கும் 'பி/ஜி' எழுத்து முதலில் வந்தது. அதற்கு மேல் கையால் எழுதிய ஒரு பெயரின் கடைசி மூன்று எழுத்து.

சிவப்பு பெயின்ட் பேச்சு இப்போதைக்கு நின்றுவிட்டது. இரண்டு கதவும் இருக்கிறபடியே இருக்கும், துளைகள் உட்பட. துரு பிடிக்காமல் பளபளப்பில்லாத வார்னிஷ் மட்டும் மேலே. கூரைக்கும் பின்பக்கத்துக்கும் பழைய நீலத்தையே கலக்கி அடிக்கப் போகிறார்கள், மகனே சொன்னார். முன் ஆக்சிலின் கிங்பின் தேய்ந்திருக்கிறது, அளவு எடுத்து வந்தேன். அது நாளைக்கு.