மாசி மகம்: தேவனாம்பட்டினத்தில் நிலா ஏறும்வரை

மாசி மகத்தன்று கடலூரின் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர், சாமி கடலில் முழுகும் தீர்த்தவாரி முடிந்ததும் ஈரத்துணியோடு பஸ் ஏறிவிடுகிறார்கள். விழா நாயகனான நிலா வருவதே அதற்கப்புறம்தான்.

மாசியில் சூரியன் கும்பத்தில். பௌர்ணமி என்றால் சந்திரன் நேரெதிரே சிம்மத்தில் நிற்கவேண்டும். அதன் முதல் நட்சத்திரம் மகம். ஆனால் மகமும் பௌர்ணமியும் எல்லா வருஷமும் ஒரே நாளில் விழாது, ஒரு நாள் முன்பின் ஆகும். கோயிலில் பெரும்பாலும் நட்சத்திரம்தான் கணக்கு. காலண்டரில் பௌர்ணமியை மட்டும் பார்த்துக் கிளம்பினால் வெறும் மணலைப் பார்த்துத் திரும்பவேண்டியதுதான்.

திருப்பாதிரிப்புலியூரில் பாடலீஸ்வரரையும் பெரியநாயகியையும் காலையிலேயே தரிசித்துவிடுங்கள். கடலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம். பிறகு கடற்கரை.

பந்தலில் உற்சவர்கள் வீற்றிருக்க, கடலில் இறங்குவது சிவன் கோயிலுக்குச் சூல வடிவான அஸ்திரதேவர், பெருமாள் கோயிலுக்குச் சக்கரத்தாழ்வார். பால், மஞ்சள், சந்தனம் வழிந்த திருமேனியை அர்ச்சகர்கள் இரு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு அலைக்குள் போவார்கள். அவர் முழுகும்போதே நாமும் முழுகவேண்டும் என்பதால்தான் அந்த ஒரு நிமிஷத்தில் அத்தனை நெரிசல். பௌர்ணமியையொட்டிச் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் இழுப்பதால் ஓதம் (கடல்மட்டம்) ஏறுவதும் அதிகம், இறங்குவதும் அதிகம். இறங்கும் ஓதம் கெடிலம் ஆற்றின் முகத்துவாரத்தில் ஆளைக் கடலுக்குள் இழுக்கும். அந்தப் பக்கமே வேண்டாம். முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து முழுகினால் புண்ணியம் குறையாது. பிதுர் தர்ப்பணம் கொடுப்பவர்கள் எள்ளும் தர்ப்பையும் கையோடு கொண்டுவருவது நல்லது.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கிழக்கே பார்த்து உட்காருங்கள். மகமும் பௌர்ணமியும் சேர்ந்த நாளில், முதுகுப்பக்கம் சூரியன் விழும் நேரத்தையொட்டி எதிரே நிலா கிளம்பும். மகம் முந்திவிட்டால் முக்கால் மணி நேரம் முன்னதாகவே பகல் வெளிச்சத்தில் வெளிறிப்போய் ஏறும். பிந்தினால் இருட்டில் செக்கச்செவேலென்று வரும், அழகு அதுதான். அடிவானத்தில் தாம்பாளம் மாதிரித் தெரிவது கண்மயக்கு. கையை நீட்டிச் சுண்டுவிரலால் மறைத்துப் பாருங்கள், எட்டு மணிக்கும் அதே விரல் மறைக்கும். இருட்டியதும் நிலாவை ஒட்டி, நீட்டிய கையின் முஷ்டி அகலத்துக்குள் வெண்மையாக ஒரு விண்மீன் மின்னும். அதுதான் மகம்.

பைனாகுலர் இருந்தால் இன்னொன்று. உதிக்கும் நிலாவுக்கு வடக்கு இடப்பக்கம், தெற்கு வலப்பக்கம். வலப்பக்கம் வெள்ளைக் கதிர்கள் சிதறிய புள்ளி டைக்கோ பள்ளம். அதையும் தாண்டி, வலது ஓரத்தில் சற்று மேலே, சந்திரயான்-3 இன் விக்ரம் 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04க்கு இறங்கிய இடம், தென் அட்சம் 69 பாகையில். கலம் கண்ணுக்குத் தெரியாது, ஓரம் தெரியும். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் பக்கத்து விழுப்புரத்துக்காரர். இறங்கிய இடத்துக்கு வைத்த பெயர் சிவசக்தி. காலையில் பார்த்த பாடலீஸ்வரர் சடையில் இருப்பதும் இதே நிலாதான், பிறையாக.