காலை 7.45 காமெடி

முதலில் அந்தப் பேச்சையே எழுதிவிடுகிறேன். மற்றதெல்லாம் அப்புறம்.

2021 பிப்ரவரி, ஒரு சனிக்கிழமை மத்தியானம். எங்கள் காமெடி ரேடியோவின் நேயர் எண்ணுக்கு ஒரு அழைப்பு. பெண் குரல், பாலக்காட்டு எல்லையில் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பேச்சு.

“அண்ணா, காலைல ஏழே முக்காலுக்கு ஒரு காமெடி போடறீங்களே, அந்தக் குண்டுப் பொம்பளை காமெடி. அதைக் கொஞ்சம் மாத்திப் போட முடியுங்களா?”

“ஏங்க, என்னாச்சு?”

“கஞ்சிக்கோட்டுக் கம்பெனிக்குப் போற எங்க வேனு அந்நேரத்துக்குத்தானுங்க மேனோன்பாறையைத் தாண்டும். டிரைவரு சவுண்டு ஏத்திருவாருங்க. அந்த வசனம் வந்தா எல்லாரும் திரும்பி என்னைப் பாப்பாங்க. இப்பக் கம்பெனிக்குள்ளயும் அதானுங்க எம் பேரு.”

“அக்கா, அது உங்களைச் சொல்றதில்லையே. எல்லாரும் சிரிக்கத்தானே போடறோம்?”

“நானுந்தான் சிரிப்பேனுங்ணா. சிரிக்கலீன்னா இன்னும் மோசமாயிருமுங்களே.”

“சரி, பாக்கறேங்க.”

“சரிங்ணா, வெச்சர்றேன்.”

அவ்வளவுதான். ஒன்றரை நிமிடம் இருக்கும். அவர் பேசி முடிப்பதற்குள் அடுத்த கிளிப்பை க்யூவில் ஏற்றிவிட்டேன். கேட்டுக்கொண்டேதான் ஏற்றினேன். குரலை வைத்துப் பார்த்தால் என்னைவிடச் சின்னவராகத்தான் இருக்க வேண்டும். அக்கா என்று சொன்னது போன் பழக்கம். பெயரைக் கேட்கவில்லை.

எந்தப் படம், யார் பேசிய வசனம் என்று இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு அது மனதுக்குள் அதே ஏற்ற இறக்கத்தோடு ஓடும். ஆள் பார்த்து அதை எடுத்துவிட இன்னொரு வேனில் யாராவது இருப்பார்கள்.

எங்கள் தொழிலில் ஒரு கிளிப்புக்கே காமெடி என்றுதான் பெயர். “அந்தக் காமெடி எங்க இருக்கு, இந்தக் காமெடியைத் தள்ளு” என்று பேசிக்கொள்வோம். இருபத்து நாலு மணி நேரமும் காமெடி மட்டும், மொபைல் ஆப்பில். பாட்டு கிடையாது, நியூஸ் கிடையாது. நடுவில் ஜிங்கிள், நேரம், கொஞ்சம் விளம்பரம். உரிமை விஷயம் எப்படி என்று கேட்காதீர்கள், அது இன்னொரு கட்டுரை. கோவையில் தனியார் எஃப்எம்மில் சில வருஷம் இருந்துவிட்டுத்தான் இதற்கு வந்தேன். அங்கே பாட்டுக்கு நடுவில் ஊறுகாய் மாதிரி காமெடி வைப்போம். இங்கே ஊறுகாயே சாப்பாடு.

இது எத்தனை நாள் ஓடும் என்று எல்லோரும் கேட்டார்கள். ஓடியது. ஏன் என்று உள்ளே உட்கார்ந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது. யாரும் புதிதாகச் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை. செங்கல் சூளையில் கை வேலையாக இருக்கிறவர், ராத்திரி காவல்காரர், விடிகாலையில் பால் எடுக்கப் போகிற வண்டிக்காரர் என்று கேட்கிற அத்தனை பேருக்கும் அடுத்த வரி தெரியும். தெரிந்த வரி வரும்போது அதற்கு ஒரு நொடி முந்தித் தானே சொல்லிவிடுவதில்தான் சுகம். ரேடியோவில் முகம் தெரியாது. கேட்கிறவர் அந்தப் படத்தை டிவியில் பத்துத் தடவையாவது பார்த்திருந்தால்தான் காட்சி மனதில் விரியும். புதுப் படத்துக் காமெடியைப் போட்டால் செத்துவிடும். நாகேஷைப் போட்டாலும் பாதிதான் தேறும், மீதி அவர் உடம்பில் இருக்கிறது. வடிவேலு அழுகிற குரல் தேறும். கவுண்டமணி முழுசாகத் தேறுவார். அவர் குரலிலேயே உதை இருக்கிறது.

நம் சினிமா இதற்கு வசதியும் செய்து வைத்திருக்கிறது. நாகர்கோவில்காரர் என்.எஸ்.கிருஷ்ணன் காலத்திலிருந்தே காமெடியைக் கதையிலிருந்து கழற்றி எடுத்துவிடலாம். கவுண்டமணி, செந்தில் ஜோடிக்கு ஏ.வீரப்பன் தனி டிராக்காகவே எழுதிக்கொடுத்தார். கழற்றி எடுத்த பெட்டிகளை வரிசையாக அடுக்குவதுதான் என் வேலை. அந்த மாதிரித் தனி டிராக் எழுதுவது பிறகு குறைந்துபோனதால், எங்கள் கையிருப்பும் வளரவில்லை. இருந்ததையே சுற்றிச் சுற்றி ஓட்டினோம். யாரும் சலித்துக்கொள்ளவில்லை. சலிக்காததற்குக் காரணம், அந்த வசனங்கள் அதற்குள் ஜனங்களின் பேச்சாகிவிட்டிருந்தன. சம்பளம் கேட்க ஒரு வசனம், கடன்காரனைத் தவிர்க்க ஒரு வசனம், பொண்டாட்டியிடம் தோற்றுப்போனதை ஒப்புக்கொள்ள ஒரு வசனம். அந்த வரிசையில்தான், கூட வேலை செய்கிறவளைக் கூப்பிடவும் ஒரு வசனம். இதை அந்தப் போன் வருவதற்கு முன்பே நான் அறிந்திருந்தேனா? அறிந்திருந்தேன் என்றுதான் நினைக்கிறேன். அதைப் பெருமையாகவே பேசியிருக்கிறேன், ஒரு கல்லூரி விழாவில், மைக் பிடித்து.

அந்த வாரம் எங்கள் முதலாளி வேறு குஷியில் இருந்தார். கனடாவில் வான்கூவரில் ஒரு விளையாட்டு ரேடியோவை நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்திவிட்டு, முழுநேரக் காமெடி அலைவரிசையாக மாற்றியிருந்தார்கள். வின்னிபெக்கிலும் அப்படியே. அந்தச் செய்தியை எல்லா வாட்ஸப் குரூப்பிலும் போட்டார். “பாத்தீங்களா, உலகமே நம்ம பக்கம் வருது” என்றார். நானும் கட்டை விரல் போட்டேன். பிபிசி 2002ல் தொடங்கிய ரேடியோ 7 பழைய காமெடியையும் நாடகத்தையும் போட்டே நிலைத்துவிட்டது, பெயர் மாறினாலும் இன்னும் ஓடுகிறது என்று நான் என் பங்குக்கு எடுத்துக்கொடுத்தேன். அந்தப் பெருமைக்கு நடுவில்தான் இந்தப் போன்.

திங்கட்கிழமை அந்தக் கிளிப்பை 9.20க்கு மாற்றினேன். அதற்குள் வேன் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அவர் என்ன கேட்டார்? “மாத்திப் போட முடியுங்களா” என்றுதான் கேட்டார். எடுத்துவிடச் சொல்லவில்லை. கேட்டதைச் செய்தேன். இதை எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன், அதுவே ஒரு வசனம் மாதிரி ஆகிவிட்டது.

ஆனால் செய்வதற்கு முன்னால் நான் சொன்ன பதில் என்ன? “அது உங்களைச் சொல்றதில்லையே.” அதை ஏன் சொன்னேன்? செய்யத்தான் போகிறேன் என்றால் “சரிங்க, மாத்திடறேன்” என்றாலே போதும். என் தரப்பை ஒரு வரியாவது சொல்லிவிட்டுத்தான் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று ஏதோ ஒன்று. அவர் திருப்பிச் சொன்ன வரிக்கு என்னிடம் பதில் இல்லை. “பாக்கறேங்க” என்றது பதிலா?

எனக்கு அந்த வரி புரியாமல் போயிருந்தால் பரவாயில்லை. புரிந்தது. பாலக்காட்டில் படிக்கும்போது வகுப்பில் என் பெயர் பாண்டி. மலையாளப் படங்களில் தமிழன் வந்தாலே ஒரு இழுவையான பேச்சு, நெற்றியில் பட்டை, சிரிப்பு. அதைப் பார்த்துவிட்டு வந்து மறுநாள் என்னிடம் பேசிக்காட்டுவார்கள். ஓணத்துக்கு வருகிற மிமிக்ரி கேசட்டிலும் ஒரு பாண்டி இருப்பான். நான் சிரிப்பேன். சிரிப்பது மட்டுமில்லை, அவர்களைவிட நன்றாக நானே அந்தப் பாண்டியைப் பேசிக்காட்டுவேன். கைதட்டு வாங்கினேன். நான் மைக் முன்னால் வந்ததே அந்தக் கைதட்டிலிருந்துதான் என்று ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறேன். அதனால், அந்தப் பெண் பேசியபோது உள்ளுக்குள் ஒரு அலட்சியம் ஓடியது என்பதையும் எழுதிவிட வேண்டும். நான் தாண்டவில்லையா, நீயும் தாண்டு. நீயே முந்திக்கொண்டு அந்த வசனத்தைச் சொல்லிவிட்டால் அவர்களுக்குச் சுவாரசியம் போய்விடும். இதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது நல்லதா, தெரியவில்லை. ஒருவேளை உபயோகமாக இருந்திருக்கலாம். ஒருவேளை அவர் அதையும் செய்து பார்த்துவிட்டுத்தான் போன் செய்தாரோ என்னவோ.

நான் தாண்டினேன் என்பதும் அரைகுறைதான். ஊரில் பழைய வகுப்புத் தோழன் எதிரே வந்தால் இன்றைக்கும் சந்து மாறிப் போகிறேன்.

அந்தப் போனுக்கு நாலு மாதம் முன்னால் நடந்த ஒன்றும் இதோடு சேர்ந்துகொண்டு வருகிறது. தமிழ்ப் படங்களில் டீக்கடை மலையாளியை வைத்து ஒரு நிரந்தரக் கேலி உண்டு, உங்களுக்கே தெரியும். அப்படி ஒன்று தினமும் ஓடிக்கொண்டிருந்தது. பாலக்காட்டு நகைக்கடைக்காரர் ஒருவர் மாத விளம்பரம் கொடுக்க வந்தபோது ஸ்டுடியோவில் அது ஓடியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார்கூட. அவர் படி இறங்குவதற்குள் அந்தக் கிளிப்பை லிஸ்டிலிருந்தே தூக்கிவிட்டேன். யாரும் கேட்காமல், ஐந்து நிமிடத்தில். எல்லையில் வியாபாரம் பண்ணுகிறவன் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும் என்று எங்கள் பையன்களுக்குப் பாடம் வேறு எடுத்தேன். கேட்டவருக்கு நேர மாற்றம், கேட்காதவருக்கு நீக்கம். அன்றைக்கு இது எனக்குத் தோன்றவேயில்லை. தோன்றியிருந்தால் ஒரு சமாதானம் கண்டுபிடித்திருப்பேன், அதில் நான் தேறியவன்.

இதற்கப்புறம் நடந்ததையும் எழுத வேண்டும். பதினோரு நாள் கழித்து ஒரு வாய்ஸ் மெசேஜ். ஆண் குரல். “அண்ணே, காலைல அந்தக் குண்டு காமெடி எங்க போச்சு? அது இல்லாம வண்டில எல்லாம் தூங்கி வழியறாங்க. மேனோன்பாறை போறதுக்குள்ள போடுங்கண்ணே.” பின்னால் நாலைந்து பேர் சிரிக்கிற சத்தம். ஆணும் பெண்ணுமாக. அதை மூன்று தடவை ஓட்டிக் கேட்டேன். அந்தச் சிரிப்பில் அவர் குரலும் இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. நேரில் பார்த்திராத ஒருவரின் சிரிப்பை எப்படிக் கண்டுபிடிப்பது?

மறுநாள் கிளிப் 7.45க்கு வந்துவிட்டது.

நான்தான் போட்டேன். காரணங்கள் இருந்தன. காலை நேரத்தில் கேட்பவர்கள் குறைந்திருந்தார்கள், முதலாளி கேட்டுக்கொண்டே இருந்தார், அதே வாரத்தில் வேறு இரண்டு பேரும் அதைக் கேட்டிருந்தார்கள். ஒருவர் சங்கடத்துக்காக ஒன்றை எடுத்தால், குடிகாரன், வழுக்கை, திக்குவாய், கறுப்பு, மாமியார் என்று வரிசையாக எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். எடுத்துக்கொண்டே போனால் எங்கள் ரேடியோவில் ஜிங்கிளும் நேரமும்தான் மிஞ்சும். இந்த வாதம் இன்றைக்கும் எனக்குச் சரியாகத்தான் படுகிறது. சரியாகப் படுகிற வாதத்தை ஏன் இத்தனை தடவை சொல்லிப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதுதான் பிடிபடவில்லை.

அவர் திரும்பக் கூப்பிடவில்லை. வேலை மாறியிருக்கலாம். வேன் மாறியிருக்கலாம். பழகிப்போயிருக்கலாம். இரண்டு மாதத்தில் மறுபடி கொரோனா வந்து வேன்களே ஓடாமல் நின்றன. அதற்கு முன், ஏப்ரல் 17 அன்று விவேக் இறந்தபோது நாள் முழுக்க அவருடைய காமெடிகளைப் போட்டோம். சிரித்துக்கொண்டே அழுததாகப் பலர் செய்தி அனுப்பினார்கள். காமெடி ரேடியோவின் பலம் என்ன என்று அன்றைக்குப் பார்த்தோம் என்றார் முதலாளி. பார்த்தோம்தான். நானும் அன்று அழுதேன். அழுதுகொண்டே அந்தப் பெண்ணின் நினைவு வந்ததா என்றால், இல்லை. அது வரத் தொடங்கியது வெகு நாள் கழித்து.

எங்கள் ஆப் 2022ல் நின்றுபோனது. காரணம் பணம்தான், சிரிப்பு தீர்ந்து போனதாலல்ல. 2023 ஜூனில் வான்கூவர், கால்கரி, வின்னிபெக் காமெடி ஏஎம் நிலையங்களையும் அவற்றை நடத்திய பெல் மீடியா நிறுவனம் மூடிவிட்டது என்று படித்தேன். முதலாளிக்கு அனுப்பலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன். நிலையம்தான் மூடுகிறது. வசனங்கள் அதற்கு முன்பே வெளியே போய்விட்டன, அவற்றுக்கு அலைவரிசை தேவையில்லை.

கிளிப்புகள் இருந்த ஹார்ட் டிஸ்க் இப்போது என்னிடம் இருக்கிறது. இதை எழுதுவதற்காக நேற்று ராத்திரி அதை எடுத்து அந்தக் காமெடியை ஓட்டினேன். மூன்று நிமிடம் நாற்பது நொடி. வசனம் எந்த இடத்தில் வரும் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அவரை நினைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். வசனம் வந்தது. சிரித்துவிட்டேன்.