படுத்ததும் கண்ணயர: கானாடுகாத்தானிலிருந்து ஒரு நாட்குறிப்பு

ஏப்ரல் 6, 2025, ஞாயிறு

அப்பச்சிக்கும் (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) எனக்கும் ராத்தூக்கம் சரியில்லாமல் ஆகிக் கொஞ்ச காலம் ஆகிறது. அவர்களுக்கு 81 வயது. எட்டரைக்கே படுத்துவிடுவார்கள், ராமேசுவரம் வண்டி கூவிக்கொண்டு போகும் நடுச்சாமத்திலும் விழித்துத்தான் இருப்பார்கள். எனக்கு உடம்பு அலுத்துக் கிடக்கும், மனசு ஓடிக்கொண்டே இருக்கும்.

காரைக்குடியில் ஒரு மருத்துவரைப் பார்த்தோம். குறட்டை உண்டா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா, காலில் குறுகுறுப்பு உண்டா, மனச்சோர்வு உண்டா என்று எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். அவையெல்லாம் இருந்தால் வைத்தியமே வேறு. எங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. வாரத்தில் 3 ராத்திரியாவது தூக்கம் கெட்டு, அது 3 மாதம் நீடித்தால் நாள்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள். அதற்கும் மாத்திரை முதல் வழி இல்லை. அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், படுக்கைப் பழக்கத்தையும் தூக்கம் பற்றிய எண்ணங்களையும் சீர்செய்யும் பயிற்சிக்குத்தான் முதலிடம். உடம்பைத் தளர்த்தப் பழகுவது அதில் ஒரு பங்கு.

சரி, இருவரும் சேர்ந்தே பழகுவது என்று பேசி வைத்திருக்கிறோம். நடப்பதை இங்கே எழுதி வருகிறேன். படுக்கையில் புரள்கிறவர்கள் எத்தனையோ பேர், யாருக்காவது உதவட்டும்.

ஏப்ரல் 7, திங்கள்

மத்தியானம் மூன்று மணிக்கு வளவில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், பாய் விரித்துப் படுத்தோம். அப்பச்சிக்கு ஒரே சந்தேகம்.

"ராத்திரி தூங்குறதுக்குப் பகல்ல எதுக்கு ஆத்தா பழகணும்?"

நல்ல கேள்வி. ராத்திரியில் செய்தால், 'இப்ப வருமா, இப்ப வருமா' என்று தூக்கத்தையே எதிர்பார்த்துக்கொண்டிருப்போம். அந்த எதிர்பார்ப்பே ஆளை விழிக்க வைத்துவிடும். பகலில் அந்தக் கவலை கிடையாது. தூக்கம் வராவிட்டால் போகிறது; உடம்பு தளர்வது எப்படி இருக்கும் என்று மட்டும் கற்றுக்கொள்ளலாம். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்ற எல்லாப் பயிற்சியும் எளிது என்று நம்புகிறேன்.

நாங்கள் எடுத்துக்கொண்டது தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் முறை. எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் உருவாக்கி 1929-ல் நூலாக வெளியிட்டது. தன் தசை இறுகியிருப்பதே பலருக்குத் தெரிவதில்லை, அதை முதலில் உணர வேண்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். அவர் வகுத்தது மாதக்கணக்கில் நீளும் பயிற்சி. 1973-ல் பெர்ன்ஸ்டைன், போர்கோவெக் என்ற இரு உளவியலாளர்கள் அதை 16 தசைத்தொகுதிகளாகச் சுருக்கினார்கள். இன்று பெரும்பாலோர் செய்வது அந்தச் சுருக்கத்தை ஒட்டித்தான்.

செய்முறை இதுதான். வலது கையை முஷ்டியாக இறுக்கி ஐந்து முதல் ஏழு விநாடி வைத்திருக்க வேண்டும். அப்புறம் சட்டென்று விட்டுவிட வேண்டும். மெல்ல மெல்ல அவிழ்க்கக் கூடாது. விட்டபின் அரை நிமிடம் அந்தக் கையை மட்டும் கவனிக்க வேண்டும். பிறகு மேற்கை, அடுத்தது இடது கை, நெற்றி, கண், தாடை, கழுத்து, தோள், வயிறு, தொடை, கெண்டைக்கால், பாதம். கெண்டைக்காலை முழுப் பலத்தோடு இறுக்கினால் பிடித்துக்கொள்ளும். பாதி இறுக்கமே போதும். வலியோ காயமோ இருக்கிற இடத்தை இறுக்காமல் விட்டுவிடலாம்.

அப்பச்சி முஷ்டியை விட்டபோது பார்த்துக்கொண்டிருந்தேன். விரல்கள் தாமாகவே பாதி விரிந்து தரையில் கிடந்தன. மோதிர விரல் மட்டும் கொஞ்ச நேரம் துடித்து, அப்புறம் அதுவும் அடங்கியது. "கை கனக்குது" என்றார்கள். அந்தக் கனம்தான் தளர்வு. எனக்குத் தோளில் தெரிந்தது. காதுப் பக்கமாகத் தூக்கி இறுக்கிவிட்டு இறக்கினால், நான் வழக்கமாகத் தோளை வைத்திருக்கும் இடத்துக்கும் கீழே போய் நின்றது. நாள் முழுக்க அத்தனை உயரத்தில் அதைத் தூக்கிச் சுமந்திருக்கிறேன்.

ஏப்ரல் 10, வியாழன்

மூச்சு. மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டு மெதுவாக மூச்சை இழுத்து மெதுவாக விட்டுப் பாருங்கள். இழுக்கும்போது நாடி கொஞ்சம் விரையும், விடும்போது தணியும். பரிவு நரம்பு மண்டலம் உடம்பை ஓட்டத்துக்குத் தயாராக்குவது. துணைப்பரிவு மண்டலம் ஓய்வுக்குத் திருப்புவது. வெளிமூச்சு நீளும்போது இரண்டாவதன் பிடி கூடுகிறது. அதனால்தான் பல மூச்சுப் பயிற்சிகளில் விடுவதை நீட்டச் சொல்கிறார்கள்.

ஆண்ட்ரூ வெயில் என்ற அமெரிக்க மருத்துவர் பரப்பிய 4-7-8 கணக்கு இப்போது பிரபலம். நாலு எண்ணும் வரை இழுத்து, ஏழு வரை நிறுத்தி, எட்டு வரை விடுவது. அப்பச்சிக்கு அந்த ஏழு நிறுத்தம் ஒத்துக்கொள்ளவில்லை, தலை லேசாகச் சுற்றியது. நிறுத்தத்தை எடுத்துவிட்டோம். நாலில் இழுத்து ஆறில் விடுகிறோம், அவ்வளவுதான். வயதானவர்களுக்கு இதுவே நல்லது என்பது என் எண்ணம். வயிற்றில் கை வைத்து, அது ஏறி இறங்குவதைப் பார்த்தால் போதும்.

ஏப்ரல் 14, திங்கள்

புது வருஷம். வீடு நிறைய ஆட்கள், வெள்ளைப் பணியாரம், பேச்சு. இன்று பயிற்சி இல்லை.

ஒன்று மட்டும். சாயங்காலக் காப்பியை நிறுத்திச் சுக்குமல்லிக் காப்பி வைத்தேன், காப்பித்தூள் போடாமல். காபீன் பாதியாகக் குறையவே உடம்புக்கு ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். நாலு மணிக்குக் குடித்ததில் பாதி, ஒன்பது மணிக்குப் படுக்கும்போதும் ரத்தத்தில் இருக்கும். அப்படியிருக்க எவ்வளவு தளர்த்தினாலும் கண் எப்படிச் சொருகும்?

ஏப்ரல் 18, வெள்ளி

புழுக்கம் தாங்கவில்லை. மாடி அறையை விட்டுவிட்டு முற்றத்தை ஒட்டி வளவிலேயே படுக்கையைப் போட்டுவிட்டோம். உயரமான கூரை, திறந்த முற்றம், கீழே ஆத்தங்குடிக் கல். ராத்திரியில் அந்தத் தரையில் உள்ளங்கால் படும் குளிர்ச்சியே ஒரு சுகம்.

தூக்கம் வருவதற்கு உடம்பின் உள்வெப்பம் கொஞ்சம் இறங்க வேண்டும். கை கால் தோலில் ரத்த ஓட்டம் கூடி, அந்த வழியாகச் சூடு வெளியேறும். படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் இளஞ்சூட்டு நீரில் குளிப்பது உதவுவதும் இதனால்தான். குளித்து முடித்தபின் தோல் வழியாகச் சூடு வேகமாக இறங்கிவிடுகிறது. பழைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் 2019-ல் எழுதிய கட்டுரையில், 40 முதல் 42.5 டிகிரிச் சூட்டு நீர் சராசரியாகப் பத்து நிமிடம் முன்னதாகத் தூக்கத்தைக் கொண்டுவருவதாகச் சொன்னார்கள். இந்த வெயிலில் வெந்நீரா என்று தோன்றும். மேல்தொட்டித் தண்ணீரே சாயங்காலம் வரை சுட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஏழு மணிக்கு அதையே விட்டுக் குளிக்கிறோம்.

ஏப்ரல் 22, செவ்வாய்

இன்று எனக்காக ஒரு நோட்டு வாங்கினேன். படுத்ததும் மண்டைக்குள் வரிசைகட்டி வருபவை: ஓடு மாற்ற ஆள் சொல்ல வேண்டும், தேங்காய் வெட்ட வரச் சொல்ல வேண்டும், அப்பச்சியின் கண் சொட்டு மருந்து தீரப்போகிறது, பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கு மொய். இவையெல்லாம் மறந்துவிடுமோ என்றுதான் மனசு திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறது. எழுதி வைத்துவிட்டால் அதற்கு அந்த வேலை இல்லை.

அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களை வைத்து ஓர் ஆய்வு செய்து 2018-ல் வெளியிட்டார்கள். படுக்கும் முன் ஐந்து நிமிடம், பாதிப் பேர் முடித்த வேலைகளை எழுதினார்கள், மீதிப் பேர் செய்ய வேண்டிய வேலைகளை எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள்தான் சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். விவரமாக எழுதியவர்கள் இன்னும் சீக்கிரம்.

அப்பச்சியிடம் சொன்னேன். "ஐயா பெட்டியடியில உக்காந்து கணக்கு முடிக்காமப் படுக்க மாட்டாக" என்றார்கள். என் நோட்டும் அந்தப் பேரேடு மாதிரிதான். அன்றன்றைக்குக் கணக்கை முடித்து மூடி வைத்துவிட வேண்டியது. ஆனால் படுக்கையில் உட்கார்ந்து எழுதுவதில்லை. விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில், அடுப்படித் திண்ணையில் எழுதிவிட்டு அங்கேயே வைத்துவிட்டு வருகிறேன்.

ஏப்ரல் 26, சனி

தளர்த்தியும் தூக்கம் வராத ராத்திரியில் என்ன செய்வது? எழுந்துவிட வேண்டும். ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் 1972-ல் சொன்ன முறை இது. சுமார் 20 நிமிடம் ஆகியும் கண்ணயரவில்லை என்று தோன்றினால் படுக்கையை விட்டு எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் அமைதியாக ஏதாவது செய்து, தூக்கம் கண்ணைச் சுற்றும்போது மட்டும் திரும்பிப் போய்ப் படுக்க வேண்டும். படுக்கை என்றால் தூக்கம் என்பது உடம்புக்குத் திரும்பப் பழகும். கடிகாரம் பார்க்கக் கூடாது. வளவுக் கடிகாரத்தை இரண்டாங்கட்டுக்கு மாற்றிவிட்டேன். செல்போன் முகப்பு அறையில்.

எழுந்தால் போவது ஊஞ்சலுக்கு. மெல்ல ஆடுவதற்கும் தூக்கத்துக்கும் உள்ள உறவைத் தொட்டில் கட்டுகிற யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 2011-ல் ஜெனீவாவில் 12 ஆண்களை மெதுவாக ஆடும் கட்டிலில் பகல் தூக்கம் போட வைத்துப் பார்த்தபோது, ஆடாத கட்டிலைவிடச் சீக்கிரம் தூங்கினார்கள். அப்பச்சி ஊஞ்சல் சங்கிலிக்கு எண்ணெய் விடச் சொன்னார்கள். விட்டேன். இனி கிறீச்சென்று அடுத்தவர் தூக்கத்தைக் கெடுக்காது.

மே 1, வியாழன்

அப்பச்சி தம் வழக்கம் ஒன்றை இன்றுதான் சொன்னார்கள். கண்ணை மூடிக்கொண்டு எங்கள் நகரத்தாரின் ஒன்பது கோயிலுக்கும் மனசாலேயே போவார்களாம். இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி. பெயரை மட்டும் சொல்லிக்கொண்டு போவதில்லை. செருப்பைக் கழற்றுவது, குளத்தில் கால் நனைப்பது, கல் தளத்தின் சூடு, உள்ளே நுழைந்ததும் வரும் எண்ணெய் வாடை என்று ஒவ்வொன்றாக.

"வேலங்குடி வரைக்கும் போயிருக்கீகளா அப்பச்சி?"

"மனசு நல்லா இருந்தா மாத்தூர் தாண்ட மாட்டேன்."

இதற்கும் ஆதாரம் இருக்கிறது. 2002-ல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் தூக்கமின்மை உள்ளவர்களிடம் சோதித்தார்கள். அமைதியான ஒரு காட்சியை விரிவாக மனத்தில் ஓட்டியவர்கள், எந்த வழியும் சொல்லித்தரப்படாதவர்களைவிடச் சீக்கிரம் தூங்கியதாகச் சொன்னார்கள். காட்சி நுணுக்கமாக இருந்தால் கவலை நுழைய இடம் இருக்காது.

எனக்குக் கோயில் சரிவரவில்லை. நடை சாத்தும் நேரம் எல்லாம் ஞாபகம் வந்து அவசரப்படுகிறேன். அதனால் தேவகோட்டையில் ஆயா வீட்டுக்குப் போகிறேன். முகப்புத் தூணில் கை வைத்து ஆரம்பித்து, வளவின் இடப்பக்க அறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, எந்த அறையில் என்ன மரப்பெட்டி, எந்தத் தாழ்ப்பாள் இறுகும் என்று பார்த்துக்கொண்டே போவது. நாலாவது அறைக்கு அப்புறம் என்ன பார்த்தேன் என்று காலையில் நினைவிருப்பதில்லை.

மே 4, ஞாயிறு

கத்திரி தொடங்கிவிட்டது. எதிர்வீட்டு ஆச்சி வந்திருந்தார்கள். பல வருஷமாகத் தூக்க மாத்திரை போடுகிறவர்கள். "நானும் ஒங்களோட படுத்துப் பழகுறேன், மாத்திரைய இன்னைக்கே விட்டுரவா?" என்று கேட்டார்கள்.

கையைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் ஆச்சி என்றேன். நெடுநாள் போட்ட தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் தூக்கம் முன்னைவிட மோசமாகக் கெடும். சில மாத்திரைகளில் வலிப்புகூட வரலாம். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கேட்டு, அவர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். பயிற்சியை இப்போதே தொடங்கலாம், அதற்குத் தடையில்லை. இன்னொன்றும் சொன்னேன். அந்த மயக்கத்தில் ராத்திரி எழுந்து நடந்தால் வயதானவர்கள் விழுந்துவிடும் ஆபத்து அதிகம். நம் வீடுகளில் ஒவ்வொரு வாசலிலும் உயரமான நிலைப்படி. கழிப்பறை போகும் வழியில் தரையோரமாக ஒரு சின்ன விளக்கு எரியட்டும் ஆச்சி என்றேன். இன்றே மாட்டச் சொல்கிறேன் என்றார்கள்.

மே 9, வெள்ளி

தினமும் நன்றாகத் தூங்குகிறோம் என்று எழுத மாட்டேன். புழுக்கமான ராத்திரிகளில் இருவரும் ஊஞ்சலுக்கு வந்துவிடுகிறோம். ஆனால் விழித்திருப்பதைக் கண்டு முன்புபோல் பதறுவதில்லை, உடம்பும் முறுக்கிக்கொண்டு கிடப்பதில்லை. மத்தியானப் பயிற்சியை ஒரு நாள் விட்டால் அப்பச்சியே "இன்னைக்குப் பாய் விரிக்கலையா?" என்று கேட்கிறார்கள்.

சென்னையில் இருக்கும் தங்கைக்கும் தூக்கம் இல்லையாம். தசை தளர்த்தும் முறையைக் குரலில் பதிவு செய்து அனுப்பச் சொன்னாள். என் குரலில் பதிவு செய்து பார்த்தேன், ரொம்ப வேகம். அப்பச்சி பேசட்டும் என்று கொடுத்தேன். முஷ்டியில் தொடங்கிப் பாதம் வரை நிதானமாகச் சொன்னார்கள். இடைவெளி விட வேண்டிய இடத்தில் தாங்களே மூச்சு விட்டுக்கொண்டு சும்மா இருந்தார்கள். அந்த மூச்சும் பதிவாகியிருக்கிறது. கெண்டைக்கால் வந்ததும், நான் எழுதிக் கொடுக்காத ஒரு வரி: "மெல்ல இறுக்கு ஆத்தா, புடிச்சுக்கும்." வெட்டாமல் அப்படியே அனுப்பிவிட்டேன்.