கட்டையில் வெட்டிய இரண்டு எழுத்து

பர்மிங்ஹாமில், பறக்கவிடும் களிமண் தட்டுகளைத் துப்பாக்கியால் சுட எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். கண்பார்வை மங்கியதும், இனி துப்பாக்கிச் சான்றிதழைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று சொல்லி, தன் இரட்டைக்குழல் ஷாட்கன்னை எனக்குக் கொடுத்துவிட்டார். என் சான்றிதழில் அவரே கைப்பட எழுதினார். ஏழு நாளுக்குள் இருவரும் போலீசுக்குத் தெரிவித்தோம். 1950களில் இதே ஊரில் செய்த துப்பாக்கி அது. உள்ளே இருக்கும் ஆன்சன்-டீலி என்கிற சுடும் பொறியும் இங்கே வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் கம்பெனியில் 1875-ல் காப்புரிமை பெற்றதுதான்.

தோளில் அணைத்துப் பிடிக்கும் மரக் கட்டையின் அடிப்பக்கம் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய நீள்வட்ட வெள்ளித் தகடு ஒன்று பதித்திருந்தது. சொந்தக்காரரின் இனிஷியல் வெட்டுவதற்கான இடம். அது வெறுமையாகவே இருந்தது. "நாளைக்கு, நாளைக்கு என்று விட்டுவிட்டேன். நீயாவது வெட்டிக்கொள்" என்றார் பெரியவர்.

முதலில் போனது கோப்பைக்கும் கேடயத்துக்கும் பெயர் பொறிக்கும் ஒரு கடைக்கு. தகட்டின் படத்தைக் காட்டினேன். மெஷினில் பத்து நிமிட வேலை என்றார்கள். அவர்கள் பொறித்த மாதிரித் தகட்டை விரலால் தடவிப் பார்த்தேன். கீறல் மாதிரி இருந்ததே தவிர வெட்டு மாதிரி இல்லை. திரும்பிவிட்டேன். அந்த வெள்ளித் தகடு மெல்லியது. தப்பாகப் போனால் அரம் போட்டுத் தேய்த்துத்தான் அழிக்க வேண்டும், தேய்த்தால் குழி விழும். ஆகவே கைவேலைக்காரர் கிடைக்கும்வரை பொறுப்பது என்று முடிவு செய்தேன்.

இந்த ஊரில் ஒரு வசதி. துப்பாக்கிப் பட்டறைகள் இருந்த கன் குவார்ட்டரும், நகைப் பட்டறைகள் இருக்கும் ஜுவல்லரி குவார்ட்டரும் பக்கத்துப் பக்கத்தில். விசாரித்ததில் ஜுவல்லரி குவார்ட்டரில் வயதான செதுக்குக் கலைஞர் ஒருவர் கிடைத்தார். ஆனால் அவரிடம் ஆயுத வியாபாரிக்கான பதிவு இல்லை. முழுத் துப்பாக்கியை அவர் பட்டறையில் விட்டுவர முடியாது. அதற்கு வழி சொன்னவர் பதிவு பெற்ற துப்பாக்கி மெக்கானிக். கட்டையை மட்டும் கழற்றிக் கொண்டுபோனால் அது வெறும் மரம், யாரிடமும் கொடுக்கலாம் என்றார். துப்பாக்கி அவர் பதிவேட்டில் ஏறி அவர் பெட்டகத்தில் இருந்தது.

கட்டையை நாமே கழற்றுவோம் என்று தயவுசெய்து யாரும் இறங்காதீர்கள். அந்தத் திருகாணிகளில் திருப்புளி நுழையும் வாய் முடி அளவு மெல்லியது. எல்லா வாயும் குழல் போகும் திசையிலேயே நேராக நிற்கும்படி முடுக்கியிருப்பார்கள். வீட்டுத் திருப்புளி ஒரு தடவை வழுக்கினால் போதும், அறுபது எழுபது வருஷ அழகு போய்விடும். மெக்கானிக் ஒவ்வொரு திருகாணிக்கும் தனித் திருப்புளி எடுத்து, முனையைத் தீட்டிப் பொருத்திப் பார்த்த பிறகே கைவைத்தார்.

அடுத்தது எழுத்து. "குடும்பப் பெயர் என்ன?" என்று கேட்டார் செதுக்குபவர். அவர்கள் வழக்கத்தில் தன் பெயர் முன்னால், குடும்பப் பெயர் பின்னால். நமக்கோ அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல், அது முன்னால் நிற்க வேண்டும். பாஸ்போர்ட்டில் அதையே பின்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள். துப்பாக்கியிலாவது அப்பா முன்னால் இருக்கட்டும் என்று நினைத்தேன். அப்படியே தமிழில் வெட்டினால் என்ன என்றும் தோன்றியது. ச, பிறகு கு.

அவர் பென்சிலால் போட்ட முதல் படத்தில் கு-வின் சுழி திசை மாறிப்போயிருந்தது. குற்றம் என்மேல்தான், அவசரத்தில் பால்பாயிண்ட் பேனாவால் கிறுக்கிக் கொடுத்திருந்தேன். அன்று ராத்திரி அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"நம்ம வீட்டு டம்ளர்ல உன் பேரு வெட்டியிருக்கே தம்பி, அதைக் காட்டேன் அவருக்கு" என்றார் அம்மா.

எனக்குக் காது குத்தியபோது வாங்கிய எவர்சில்வர் டம்ளர். கும்பகோணத்துப் பாத்திரக் கடை வாசலில் உட்கார்ந்து உளியும் சுத்தியலுமாகப் புள்ளி புள்ளியாக வெட்டிய 'ச.கு.' இன்னும் தெளிவாக இருக்கிறது. அம்மா படம் எடுத்து அனுப்பினார். செதுக்குபவர் அந்தப் படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். "இவர் வளைவில் அடியை நெருக்கியிருக்கிறார், நேர்கோட்டில் தள்ளி அடித்திருக்கிறார். கை தெரிந்தவர்" என்றார். பாத்திரக் கடைக்காரரைப் பற்றி அப்படி ஒருவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. தொண்டை அடைத்தது.

வேலை நடந்த அன்று பக்கத்தில் நிற்க அனுமதித்தார். தகட்டின்மேல் வெள்ளைப் பூச்சைத் தடவிக் காயவிட்டு, ஊசிமுனையால் எழுத்தை வரைந்தார். உருப்பெருக்கியைக் கண்ணில் பொருத்திக்கொண்டு, உளியின் கைப்பிடியை உள்ளங்கையில் வைத்துத் தள்ளினார். வளைவு வரும்போது உளி நின்ற இடத்திலேயே நின்றது. இடது கை கட்டையைத்தான் திருப்பியது. உளியைச் சற்றே சாய்த்தால் வெட்டு அகன்றது, நிமிர்த்தினால் மெலிந்தது. முடி மாதிரி வெள்ளிச் சுருள் ஒன்று எழும்பி விழுந்தது. ச முடிய இருபது நிமிடம் ஆனது. கு-வின் சுழியில் மட்டும் மூன்று முறை நிறுத்தி உளியைத் தீட்டிக்கொண்டார்.

கூலி 90 பவுண்ட். முன்பதிவு செய்து ஆறு வாரம் காத்திருந்தேன். கிளப்பில் ஒருவர், வெறும் தகடாக விட்டிருந்தால் விற்கும்போது நல்ல விலை போகும் என்றார். நான் விற்பதாக இல்லை.

எழுத்துகளுக்கு நடுவிலும் கடைசியிலும் வரும் புள்ளிகளுக்கு மட்டும் அவர் உளியைத் தள்ளவில்லை. கூர்முனைக் கம்பி ஒன்றை எடுத்து நிறுத்தி, சின்னச் சுத்தியலால் ஆளுக்கு ஒரு தட்டு தட்டினார், டம்ளரில் இருப்பது போலவே.