சக காவலரின் தவறைக் காவலர் சொல்வாரா?

காவல் துறையில் இருக்கும் ஒருவர், தன்னோடு பணியாற்றும் இன்னொருவர் செய்யும் தவறைக் கண்ணால் கண்டால் அதை மேலிடத்தில் சொல்வாரா என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் யோசிக்காமலே “சொல்ல மாட்டார்” என்கிறார்கள். இந்த விஷயத்தை நெடுநாளாகப் படித்து வருபவன் என்ற முறையில், அந்தப் பதிலில் பாதி உண்மைதான் இருக்கிறது என்று சொல்வேன். சில தவறுகளைச் சொல்கிறார்கள், சிலவற்றை விழுங்கிவிடுகிறார்கள். சில ஊர்களின் காவல் துறைகளில் சொல்கிறார்கள், சிலவற்றில் வாயே திறப்பதில்லை. காவலரின் மனசாட்சியைவிட, வாய் திறந்தவரைத் துறை எப்படி நடத்துகிறது என்பதே இதைத் தீர்மானிக்கிறது என்பது என் கருத்து.

அமெரிக்காவில் கார்ல் கிளாக்கர்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் தனித்தனியாக இயங்கும் 30 காவல் துறைகளைச் சேர்ந்த 3,235 அதிகாரிகளிடம் 11 கற்பனைச் சம்பவங்களைக் கொடுத்து, இதில் உங்கள் சக அதிகாரி ஈடுபட்டால் நீங்கள் புகார் செய்வீர்களா, மற்றவர்கள் செய்வார்களா என்று கேட்டார்கள். அதன் முடிவுகள் 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தன. இலவசச் சாப்பாடு, பண்டிகைப் பரிசு, பணிக்கு வெளியே நடத்தும் தொழில், குடித்துவிட்டு வண்டி ஓட்டிச் சிறு விபத்து செய்த சக அதிகாரியைக் காப்பாற்றுவது ஆகியவற்றைப் பெரும்பாலோர் புகாராக்க மாட்டோம் என்றார்கள். கண்டெடுத்த பணப்பையிலிருந்து பணத்தை எடுப்பது, குற்றம் நடந்த இடத்திலிருந்து கைக்கடிகாரத்தைத் திருடுவது, லஞ்சம் வாங்குவது, விரட்டிப் பிடித்த கார் திருடனை அளவுக்கு மீறி அடிப்பது ஆகியவற்றைச் சொல்லிவிடுவோம் என்றே பெரும்பாலோர் எழுதினார்கள். அந்த ஆய்வில் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது வேறொன்று: ஒரே நாட்டில், ஒரே சீருடைத் தொழிலில், ஒரு துறைக்கும் இன்னொரு துறைக்கும் இடையே விடைகள் பெரிதும் மாறுபட்டன. நல்லவர்கள் எல்லாரும் ஒரு துறையிலும் கெட்டவர்கள் எல்லாரும் இன்னொரு துறையிலும் போய்ச் சேர்ந்திருக்க முடியாது.

அதே காலத்தில் போலீஸ் ஃபவுண்டேஷன் என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பு நாடு முழுவதும் 925 அதிகாரிகளிடம் எடுத்த கருத்துக்கணிப்பு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. சக அதிகாரியின் முறைகேட்டைக் கண்டும் காணாமல் இருப்பது அரிதான செயல் அல்ல என்று பாதிக்கும் சற்று அதிகமானோர் ஒப்புக்கொண்டார்கள். அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்திய கடுமையான குற்றங்களைக்கூட அதிகாரிகள் எப்போதும் சொல்லிவிடுவதில்லை என்று 61 சதவீதம் பேர் கூறினார்கள். “நீ சொல்வாயா” என்ற கேள்விக்கு வரும் விடையும், “உன் துறையில் சொல்கிறார்களா” என்ற கேள்விக்கு வரும் விடையும் இப்படி ஒன்றுக்கொன்று பொருந்தாமல் நிற்கின்றன. இவற்றில் இரண்டாவது விடையைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்.

அந்த இடைவெளி எப்படி உருவாகிறது என்பதைப் புரிந்துகொள்ள, பணி முடிந்து இரண்டு பேர் அறிக்கை எழுத உட்காரும் நேரத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒருவர் மூத்தவர், மற்றவர் பயிற்சிக் காலத்தில் இருப்பவர், அவர் நிரந்தரப் பணிக்குத் தகுதியானவரா என்று மதிப்பெண் போடுபவரும் அதே மூத்தவர்தான். கைவிலங்கு மாட்டிய பிறகு விழுந்த அடியை இளையவர் பார்த்திருக்கிறார். மூத்தவர் தன் அறிக்கையில் “கைது செய்யப்பட்டவர் எதிர்த்ததால் தேவையான பலம் பயன்படுத்தப்பட்டது” என்று எழுதி, அந்தத் தாளை மேசையின் இந்தப் பக்கம் நகர்த்துகிறார். யாரும் பொய் சொல்லும்படி கேட்கவில்லை, மிரட்டவும் இல்லை. நாளை இரவு இருட்டான ஒரு மாடிப்படியில் தனக்கு முன்னால் ஏறப்போகிறவர் இவர்தான் என்பதும், ஆபத்தில் உதவி கேட்டு அழைத்தால் வர வேண்டியவர்கள் இவருடைய நண்பர்கள்தான் என்பதும் இளையவருக்குத் தெரியும். அவரும் அதே வரியைத் தன் அறிக்கையில் எழுதுகிறார். அன்றிலிருந்து அவரும் அந்தப் பொய்யின் பங்காளி. பிறகு உண்மையைச் சொல்ல நினைத்தால் முதலில் தன் மீதே குற்றம் சாட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.

சிகாகோவில் 2014 அக்டோபரில் லக்குவான் மெக்டொனால்ட் என்ற 17 வயதுச் சிறுவனை ஒரு அதிகாரி 16 முறை சுட்டுக் கொன்றபோது, அங்கிருந்த அதிகாரிகளின் அறிக்கைகள் அவன் கத்தியோடு தாக்க வந்ததாகக் கூறின. ரோந்துக் காரின் கேமராப் பதிவில் அவன் விலகி நடப்பது தெரிந்தது. அந்தப் பதிவு வெளியே வர ஓராண்டுக்கு மேல் ஆனது. வந்த பிறகுதான் நகர மேயரே தன் காவல் துறையில் மௌனக் கட்டுப்பாடு இருப்பதைப் பொதுவெளியில் ஒப்புக்கொண்டார். சுட்டவர் குற்றவாளி என்று 2018-இல் தீர்ப்பானது. பொய் அறிக்கை தொடர்பாகச் சதி வழக்கில் நிறுத்தப்பட்ட மூவரும் 2019-இல் விடுவிக்கப்பட்டார்கள்.

பேசியவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதற்குப் பலரும் ஃபிராங்க் செர்பிகோவைச் சொல்வார்கள். நியூயார்க் காவல் துறையின் லஞ்சத்தைப் பற்றி மேலதிகாரிகளிடம் முறையிட்டுப் பலன் இல்லாமல் பத்திரிகைக்குப் போனவர்; 1971 பிப்ரவரியில் போதைப்பொருள் சோதனை ஒன்றில் முகத்தில் சுடப்பட்டு உயிர் தப்பி, அதே ஆண்டு நேப் விசாரணை ஆணையத்தின் முன் சாட்சி சொன்னவர். நான் அதைவிட அதிகமாக நினைப்பது கேரியல் ஹார்ன் என்ற பெண் அதிகாரியைத்தான். 2006-இல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில், கைவிலங்கோடு இருந்த ஒருவரின் கழுத்தைச் சக அதிகாரி நெரிப்பதைக் கண்டதாகச் சொன்ன அவர், அந்த அதிகாரியின் கையைப் பிடித்து இழுத்து விலக்கினார். துறை விசாரணை அவர் மீதே பாய்ந்தது. 20 ஆண்டுப் பணி முடிந்தால் கிடைக்க வேண்டிய முழு ஓய்வூதியம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தபோது, 2008-இல் அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். அவர் விலக்கிய அதே அதிகாரி, 2009-இல் கைதான இளைஞர்களிடம் அளவுக்கு மீறிய பலத்தைப் பயன்படுத்திய வேறொரு வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2018-இல் சிறைக்குப் போனார். ஹார்னின் பணிநீக்கத்தை நீதிமன்றம் ரத்து செய்து ஓய்வூதியத்தை மீட்டுத் தந்தது 2021 ஏப்ரலில்.

அந்த ஆண்டுகளில் அதே நகரில் பணியில் சேர்ந்த ஒவ்வொரு இளம் காவலரும் இந்தக் கதையைக் கேட்டிருப்பார். தலையிட்டவர் வேலையை இழந்தார், தலையிடாதவர்கள் பதவி உயர்வு பெற்று ஓய்வும் பெற்றார்கள் என்ற பாடத்தை எந்த ஒழுக்கப் பயிற்சி வகுப்பாலும் அழிக்க முடியாது.

விதி எழுதி வைத்தால் போதும் என்று நம்புபவர்களிடம் நான் அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரைக் காட்டுவேன். சக அதிகாரி அளவுக்கு மீறிய பலத்தைப் பயன்படுத்தினால் தடுக்க வேண்டும் என்ற கட்டாய விதி அங்கே 2016-லிருந்தே இருந்தது. 2020 மே 25 அன்று டெரக் ஷோவின் என்ற அதிகாரி, பிடிபட்ட ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் முழங்காலை ஒன்பது நிமிடங்களுக்கு மேல் அழுத்தி அவரைக் கொன்றபோது உடன் இருந்த மூவரில் இருவர் முழு அதிகாரிகளாகி ஒரு வாரம்கூட ஆகாதவர்கள். அவர்களில் ஒருவருக்குப் பயிற்சி அதிகாரியாக இருந்தவரே ஷோவின்தான். ஃபிளாய்டைப் பக்கவாட்டில் புரட்டலாமா என்று அந்த இளையவர்களில் ஒருவர் கேட்டார், மூத்தவர் மறுத்தார், இளையவர் அடங்கிவிட்டார். பிறகு துறை வெளியிட்ட முதல் செய்திக்குறிப்பில் முழங்காலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, “மருத்துவச் சம்பவம்” என்றே இருந்தது. நடந்தது என்ன என்பதை உலகுக்குக் காட்டியது, வழியில் நின்று கைபேசியில் படம் பிடித்த 17 வயதுப் பெண்.

இதில் என்னை மிகவும் வருத்துவது அதற்கு மூன்றாண்டுகளுக்கு முந்தைய நிகழ்வு. 2017-இல் அதே ஷோவின் 14 வயதுச் சிறுவன் ஒருவனைக் கைவிளக்கால் தலையில் அடித்து, அவன் கழுத்தின் மீதும் முதுகின் மீதும் முழங்காலை வைத்து அழுத்தினார். சட்டைக் கேமராவில் பதிவு இருந்தது. சக அதிகாரிகள் அங்கே இருந்தார்கள். அந்தக் குற்றத்தை அவர் ஒப்புக்கொண்டது 2021 டிசம்பரில், ஃபிளாய்ட் இறந்த பிறகு. 2017-இலேயே உடன் இருந்தவர்களில் ஒருவர் எழுத்தில் புகார் கொடுத்து, அந்தப் பதிவை யாராவது பொறுப்போடு பார்த்திருந்தால், ஒரு மனிதர் உயிரோடு இருந்திருக்கலாம். ஷோவினும் சிறைக்குப் போகாமல் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம். சக அதிகாரியைக் காப்பாற்றுவதாக நினைத்துக் காட்டப்படும் மௌனம் அவரையே எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இந்த வழக்கைவிடத் தெளிவாக எதுவும் சொல்லாது.

ஆகவேதான் நியூ ஆர்லியன்ஸ் காவல் துறை எடுத்த வழி எனக்குப் பிடித்திருக்கிறது. தவறு நடக்கும் இடத்தில் நின்று பார்ப்பவர்கள் ஏன் தலையிடுகிறார்கள், ஏன் தலையிடுவதில்லை என்று வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த உளவியலாளர் எர்வின் ஸ்டாப்பின் கருத்துகளைக் கொண்டு, தவறு நடந்த பிறகு புகார் எழுதுவதற்குப் பதிலாக, நடக்கும் முன்பே சக அதிகாரியின் தோளில் கை வைத்து “நீ விலகு, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லப் பழக்கினார்கள். இளையவர் மூத்தவரைத் தடுப்பதையும், தடுக்கப்பட்டவர் கோபப்படாமல் ஏற்பதையும் நடித்துக் காட்டியே பயிற்சி தருகிறார்கள். 2020-க்குப் பிறகு ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரி வழியாக இந்தப் பயிற்சி மற்ற துறைகளுக்கும் போனது. புகார் செய்ய முடியாத மனநிலையில் இருப்பவரால்கூட இதைச் செய்ய முடியும், ஏனென்றால் இங்கே நண்பனைக் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் லஞ்சத்துக்கும் பொய் அறிக்கைக்கும் இது மருந்தாகாது. அவை நிதானமாக, யாரும் பதறாத நேரத்தில் நடப்பவை. அவற்றுக்குப் புகார்தான் வழி. அந்தப் புகாரைப் பெறுபவர் அதே நிலையத்தின் அதிகாரியாக இருக்கக் கூடாது. புகார் தந்தவரை இடமாற்றம் செய்தவர், அது தண்டனைக்காகச் செய்யப்பட்டதல்ல என்பதைத் தானே நிரூபிக்க வேண்டும்.

தங்கள் அதிகாரிகள் மீது பொதுமக்கள் கொடுத்த புகார்கள் எத்தனை என்று பல துறைகள் ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. சீருடை அணிந்தவர்களே கொடுத்த புகார்கள் எத்தனை, அவற்றைக் கொடுத்தவர்கள் ஐந்தாண்டு கழித்து எந்தப் பதவியில் இருக்கிறார்கள் என்ற விவரத்தையும், பெயர்களை மறைத்து, அதே அறிக்கையில் அச்சிட வேண்டும் என்று கேட்கிறேன். ஒரு துறையின் நேர்மையை அளக்க முதலில் நான் தேடிப் படிக்கும் பக்கம் அதுவாகத்தான் இருக்கும்.